இடதுகை வில்லாளிக்கு எந்தப் பாகம் எதோடு சேரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறு காலைகளில் பயிற்சித் திடலில் புதியவர்களுக்கு வில் பூட்டிக் கொடுப்பது என் வேலை. நானும் இடதுகைக்காரன் என்பதால் "சார், என் பொண்ணு லெஃப்ட்டு" என்று யார் வந்து நின்றாலும் என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். வருகிறவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே இருபது சந்தேகங்கள்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒலிம்பிக்கில் பார்க்கிற ரிகர்வ் வில்லைப் பற்றித்தான் பேச்சு. கப்பிகள் வைத்த காம்பவுண்டு வில்லுக்குக் கடைசியில் ஒரு கேள்வி உண்டு.

"இடதுகை வில்லுன்னா இடது கையில பிடிக்கிற வில்லுதானே?"

இல்லை. பாதிப் பேர் பணத்தைக் கோட்டை விடுவது இங்கேதான். நாணை எந்தக் கை இழுக்கிறதோ அந்தக் கைதான் கணக்கு. இடது கையால் நாணை இழுத்து வலது கையில் வில்லைப் பிடித்தால் அது இடதுகை வில். பெட்டியில் எல்.எச். (லெஃப்ட் ஹேண்ட்) என்று போட்டிருப்பதும் அதைத்தான்.

கடைக்குப் போனில் சொல்லும்போது "லெஃப்ட் ஹேண்ட்" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நாண் இழுப்பது இடது கை, வில் பிடிப்பது வலது கை" என்று முழுசாகச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவரும் குழம்பக்கூடியவர்தான்.

"எம் பையன் எழுதுறது பீச்சாங்கைல. அப்ப இடதுகை வில்லே வாங்கிடலாமா?"

எழுதுகிற கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், முதலில் கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது மூளை ஒரு கண்ணுக்குத்தான் முன்னுரிமை கொடுக்கிறது. நாணை இழுக்கும் கையும் முந்துகிற கண்ணும் ஒரே பக்கம் இருந்தால் குறி பார்ப்பது சுலபம்.

சோதிப்பது எளிது. இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களுக்கு நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை வையுங்கள். இரண்டு கண்ணும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். இப்போது ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான் முந்துகிற கண். பிள்ளைகளிடம் இதை மூன்று நான்கு தடவை, இடையில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்யச் சொல்வேன். முதல் தடவை அம்மாவைப் பார்த்துக்கொண்டே செய்வார்கள்.

"கை இடது, ஆனா கண்ணு வலதுன்னு வருதே. இப்ப என்ன பண்றது?"

இதுவரை வில்லே தொடாத பிள்ளை என்றால், கண்ணின் பக்கம் போவதுதான் என் யோசனை. அதாவது வலதுகை வில். நாண் இழுப்பது விரல் நுணுக்கத்தைவிட முதுகுத் தசையின் வேலை. எந்தக் கையாக இருந்தாலும் சில மாதங்களில் பழகிவிடும். கண்ணை அப்படி மாற்றிப் பழக்க முடியாது. வலதுகைக்காரருக்கு இடது கண் முந்தினால் இதே நியாயம் மறுபக்கம் பொருந்தும். எங்கள் திடலில் இடதுகை வில் வைத்திருப்பவர்களில் சோத்துக்கைக்காரர்களும் உண்டு.

ஏற்கெனவே ஒரு பக்கம் இரண்டு மூன்று வருடம் பழகியவரை மாற்றச் சொல்ல மாட்டேன். அவர் குறி பார்க்கும்போது மற்றக் கண்ணை மூடலாம், அல்லது கண்ணாடியில் அந்தப் பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் எய்ய முடிந்த அர்ச்சுனனுக்குச் சவ்யசாசி என்றே பெயர் வைத்தார்கள். நமக்கு ஒரு பக்கம் ஒழுங்காக வந்தால் போதும்.

"எல்லாப் பாகமும் இடதுகைக்குன்னு தனியா வாங்கணுமா? பட்ஜெட் டபுள் ஆயிடுமா?"

ஆகாது. வில்லில் கைபேதம் உள்ள பாகங்கள் கொஞ்சம்தான். ரைசர், அதாவது கைப்பிடி உள்ள நடுப்பகுதி, கட்டாயம் இடதுகையாக இருக்க வேண்டும். அதில் மாட்டும் கிரிப், அம்பு உட்காரும் ரெஸ்ட், விரலில் போடும் தோலான ஃபிங்கர் டேப், நெஞ்சில் போடும் செஸ்ட் கார்டு இவற்றுக்கும் கை உண்டு. குறி பார்க்கும் சைட்டும், முழுதாக இழுத்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும் கிளிக்கரும் நடுவாந்தரம்: சிலது திருப்பிப் போடலாம், சிலது முடியாது.

லிம்ப் (ரைசரின் மேலும் கீழும் பூட்டும் வளையும் தகடு), நாண், பிளஞ்சர் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தான்), ஸ்டெபிலைசர் (வில்லின் ஆட்டத்தைத் தணிக்கும் தண்டு), அம்புத் தண்டு, நாக் (அம்பின் வாலில் நாண் மாட்டும் பிளவுத் துண்டு), நாணேற்றும் கயிறு எதற்கும் கை கிடையாது. விலையில் ரைசருக்கு அடுத்த பெரிய செலவு லிம்ப். அதுவே பொது என்பது இடதுகைக்காரருக்குப் பெரிய ஆறுதல்.

"பழைய ரைசர் ஒண்ணு கிடைச்சிருக்கு, ஸ்டிக்கர் எல்லாம் போயிடுச்சு. எந்தக் கைன்னு எப்படித் தெரியும்?"

ரைசரை நிமிர்த்தி, நாண் வரும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். கைப்பிடிக்கு மேலே உலோகத்தை உள்ளே குடைந்த மாதிரி ஒரு வெட்டு இருக்கும். அம்பு அங்கேதான் நிற்கும். அந்த வெட்டு உங்கள் வலப்பக்கம் இருந்தால் இடதுகை ரைசர், இடப்பக்கம் இருந்தால் வலதுகை ரைசர்.

படம் பார்த்து வாங்கும்போது கவனம். சிலர் ரைசரின் முன்பக்கத்தை, அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார்கள். அதில் எல்லாம் மாறித் தெரியும். ஸ்டெபிலைசர் திருகும் துளை படத்தில் உங்களைப் பார்த்தால் அது முன்பக்கப் படம். அப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

"வலதுகை ரைசரையே தலைகீழாப் புடிச்சா இடதுகை ஆயிடாதா?"

நல்ல மூளை. வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். கவிழ்த்தால் வெட்டு வலப்பக்கம் வருவது உண்மைதான். ஆனால் அது கைப்பிடிக்குக் கீழே போய்விடும். அம்பு உங்கள் மணிக்கட்டுக்கு அடியில் போக வேண்டியிருக்கும். சைட் துளை, ஸ்டெபிலைசர் துளை, கைப்பிடியின் சாய்வு எல்லாமே தப்பான இடத்தில் நிற்கும். விட்டுவிடுங்கள்.

"லிம்ப்ல எல்.எச்., ஆர்.எச். எதுவும் போடலையே. தப்பான பாக்ஸ் அனுப்பிட்டாங்களா?"

சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள். லிம்புக்கு இடம் வலம் இல்லை, மேல் கீழ் மட்டும்தான் உண்டு. நீளமும் பவுண்டும் (நாணை இழுக்கத் தேவையான பலம்) அச்சிட்ட லிம்ப் பொதுவாகக் கீழே போகும்.

இதனால் ஒரு வசதி. திடலில் பவுண்டு கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு ஜோடி லிம்பை ஓரம் கட்டுவார்கள். அவர்கள் எல்லாரும் வலதுகைக்காரர்களாக இருந்தாலும் அந்த லிம்ப் உங்கள் இடதுகை ரைசரில் அப்படியே உட்காரும். என் முதல் மூன்று ஜோடியும் கைமாறி வந்தவைதான். ரைசர் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள், லிம்பைக் கடன் கேளுங்கள். வாங்கும் முன் லிம்பின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள்; விரிசலோ அடுக்குப் பிரிந்ததோ தட்டுப்பட்டால் வேண்டாம். பூட்டி நாணேற்றிப் பின்னாலிருந்து பார்த்தால் நாண் இரண்டு லிம்பின் நடுவிலும் ஓட வேண்டும். முறுக்கிய லிம்ப் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

"எந்தக் கம்பெனி லிம்பும் எந்தக் கம்பெனி ரைசர்லயும் சேருமா?"

இரண்டும் ஐ.எல்.எஃப். முறையில் இருந்தால் பெரும்பாலும் சேரும். ரைசரும் லிம்பும் இணையும் இடத்துக்கான பொது அளவு அது. லிம்பின் அடியில் யு வடிவத்தில் ஒரு பிளவு இருக்கும், அது ரைசரின் போல்ட் தலைக்குக் கீழே நுழையும். கொஞ்சம் மேலே ஒரு சின்ன உலோகக் குமிழ், ரைசரின் பள்ளத்துக்குள் சறுக்கிப் போய் 'டிக்' என்று உட்காரும். ஹாய்ட் கம்பெனி இதையே கிராண்ட் பிரீ என்று சொல்லும். பெயர் வேறு, பொருத்தம் ஒன்றுதான். அந்த 'டிக்' கேட்காமல் நாணேற்றாதீர்கள்.

சேராதவை இரண்டு. ஹாய்ட்டின் ஃபார்முலா என்ற வரிசையில் இணைப்பின் அளவே வேறு. ஃபார்முலா லிம்ப் ஐ.எல்.எஃப். ரைசரில் உட்காராது, ஐ.எல்.எஃப். லிம்ப் ஃபார்முலா ரைசரிலும் உட்காராது. இன்னொன்று, ஆரம்பநிலை மரவில்கள். சாமிக் போலாரிஸ் மாதிரியானவற்றில் லிம்பை ஒரு திருகு போட்டு முடுக்குவார்கள். துளையின் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அந்த மாடலுக்கு உரிய லிம்பைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அதிலும் லிம்புக்குக் கை கிடையாது, மர ரைசருக்கு மட்டும்தான் உண்டு.

பொருந்துகிறது என்றாலும் சில ஜோடிகளில் லேசான ஆட்டம் இருக்கும். ரைசரில் பக்கவாட்டுச் சீரமைப்பு இருந்தால் சரிசெய்துவிடலாம், இல்லாவிட்டால் தலைவலி. முடிந்தால் பூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

"ரைசர் 25 இன்ச்னு இருக்கு, வில்லு 68 இன்ச்சுன்னு சொல்றாங்க. எது சரி?"

இரண்டும் சரி. 25 இன்ச் ரைசரில் ஷார்ட் லிம்ப் போட்டால் 66, மீடியம் போட்டால் 68, லாங் போட்டால் 70 இன்ச் வில். 23 இன்ச் ரைசர் என்றால் ஒவ்வொன்றிலும் 2 குறையும். 27 இன்ச் என்றால் 2 கூடும்.

எவ்வளவு நீள வில் வேண்டும் என்பதை உங்கள் இழுப்பு நீளம் சொல்லும். தோராயமாக 26 இன்ச்சுக்குள் இழுப்பவருக்கு 64 அல்லது 66, 28 வரை 66 அல்லது 68, அதற்கு மேல் 68 அல்லது 70. இடதுகை ரைசர் தேடும்போது 25 இன்ச் சுலபமாகக் கிடைக்கும், 23க்கும் 27க்கும் காத்திருக்க வேண்டிவரும். குட்டையான பிள்ளைக்கு 23 கிடைக்கவில்லை என்றால் 25ல் ஷார்ட் லிம்ப் போட்டு ஓட்டலாம். அவசரத்தில் வலதுகை 23ஐ வாங்கிவிடாதீர்கள். அப்படி வாங்கியவர் ஒருவர் இருக்கிறார்.

"லிம்ப்ல 24 பவுண்டுன்னு போட்டிருக்கு, ஸ்கேல்ல 20 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. அந்த எண் 28 இன்ச் இழுப்புக்கான கணக்கு. ஒரு இன்ச் குறைந்தால் சுமார் 2 பவுண்டு குறையும். உங்கள் பெண் 26 இன்ச்தான் இழுக்கிறாள் என்றால் 24ல் 4 போய் 20, கணக்குச் சரி. இந்த 28 என்பது நாக்கிலிருந்து கைப்பிடியின் குழிவு வரை அளந்து, அதோடு 1¾ இன்ச் கூட்டி வரும் அளவு.

இன்னொரு விஷயம், லிம்ப் எண் 25 இன்ச் ரைசருக்கானது. ஒரே மீடியம் லிம்பில் '68-24, 66-26' என்று இரண்டு ஜோடி எண் பார்த்திருப்பீர்கள். 23 இன்ச் ரைசரில் போட்டால் வில் 66 ஆகி, 2 பவுண்டு கூடிவிடும் என்று அதற்கு அர்த்தம். போல்ட்டைத் திருகியும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம், மொத்தத்தில் 10 சதவீத அளவுக்கு. ரைசர் கையேட்டில் சொன்ன சுற்றுக்கு மேல் போல்ட்டைத் தளர்த்தாதீர்கள். இழுத்த நிலையில் லிம்ப் கழன்றால் அது முகத்துக்குத்தான் வரும்.

"ரெஸ்ட் ஒட்டினேன், கம்பி மேல பாக்காம கீழ பாக்குது. என்ன தப்பு?"

வலதுகை ரெஸ்ட் வந்திருக்கிறது. காந்த ரெஸ்ட்டில் ஒரு சின்னத் தகடும் அதிலிருந்து நீளும் கம்பியும்தான். அம்பு கிளம்பும்போது கம்பி இலக்கின் திசையில் மடங்கி, பிறகு திரும்பி நிற்க வேண்டும். வலதுகைத் தகட்டை இடதுகை ரைசரில் ஒட்டினால் ஒன்று கம்பி கவிழ்ந்து நிற்கும், இல்லை தப்பான திசையில் மடங்கும். எனக்கே ஒருமுறை எல்.எச். என்று அச்சிட்ட உறைக்குள் வலதுகை ரெஸ்ட் வந்தது. நான் உறையைப் பார்த்து ஒட்டினேன், பிசின் வீணாகப் போனது. இப்போது ஒட்டும் முன் ரைசர் மேல் வைத்துக் கம்பியை விரலால் தள்ளிப் பார்க்கிறேன்.

ஒட்டிய பிறகு அம்பை வைத்து மேலிருந்து நேர்கீழாகப் பாருங்கள். கம்பியின் நுனி அம்புத் தண்டைத் தாண்டி வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் இறகு அதில் தட்டும்.

பிளஞ்சருக்கு இந்தத் தொல்லை இல்லை. மரை எல்லா ரைசரிலும் ஒன்றே, 5/16 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை. இடம் வலம் கிடையாது. உங்கள் ரைசரின் தடிமனுக்கு நீளம் போதுமா என்று மட்டும் பாருங்கள்.

"அண்ணனோட சைட்டை நான் மாட்டிக்கலாமா? அவன் ரைட்டு."

சைட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வலதுகை வில்லில் சைட் ரைசரின் வலப்பக்கம் மாட்டி, குறி பார்க்கும் வளையம் இடப்பக்கம் வெட்டுக்குள் நீளும். உங்களுக்கு இது கண்ணாடியில் பார்ப்பது போல மாற வேண்டும். நீளும் தண்டையும் மேலும் கீழும் ஓடும் கட்டையையும் கழற்றித் திருப்பி முடுக்க முடிந்தால் அண்ணனின் சைட் போதும். ஆரம்ப விலைச் சைட்டுகள் பலவற்றில் இது முடியும்.

விலை உயர்ந்த சைட்டுகள் பெரும்பாலும் ஒரு கைக்கென்றே செய்தவை. அவற்றை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் அளவுகோல் எண்கள் தலைகீழாக நிற்கும், திருகும் குமிழ் ரைசரில் போய் முட்டும். நல்ல சைட் வாங்கப் போகிறீர்கள் என்றால் எல்.எச். என்றே கேட்டு வாங்குங்கள்.

"கிளிக்கர்?"

நேரான தகடு என்றால் இரண்டு பக்கமும் போடலாம். வளைத்த தகடு என்றால் கை பார்க்க வேண்டும். ஆறு மாதம் பழகாத பிள்ளைக்குக் கிளிக்கரே வேண்டாம் என்பது என் கட்சி.

"ஃபிங்கர் டேப், ஆர்ம் கார்டு, செஸ்ட் கார்டு. இதுல எது எந்தப் பக்கம்?"

டேப் நாண் இழுக்கும் கைக்கு, அதாவது உங்களுக்கு இடது கைக்கு. எல்.எச். டேப் கேளுங்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நாக் நுழைய ஓர் இடைவெளி இருக்கும். தோல் உள்ளங்கைப் பக்கமாக இருக்கும்படி மாட்டும்போது பெரிய துண்டு கீழ் இரண்டு விரலையும் மூட வேண்டும். மேலே வந்தால் அது வலதுகை டேப்.

ஆர்ம் கார்டு வில் பிடிக்கும் கைக்கு, அதாவது வலது முன்கையின் உள்பக்கம். பெரும்பாலும் இதற்குக் கைபேதம் இல்லை. செஸ்ட் கார்டில்தான் தகராறு. முழுதாக இழுத்தபின் நாண் படுவது வில் பிடிக்கும் கைப்பக்க நெஞ்சில், உங்களுக்கு வலது நெஞ்சில். ஆனால் பெட்டியில் எல்.எச். என்றுதான் போட்டிருக்கும், ஏனென்றால் அது ஆளின் கையைச் சொல்கிறது, நெஞ்சின் பக்கத்தை அல்ல. "வலது நெஞ்சை மூடணும், அதனால ஆர்.எச்." என்று வாங்கி வந்த அப்பாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

"ஸ்டெபிலைசர் இடதுகைக்கு வேற நீளமா?"

இல்லை. திருகும் மரை பிளஞ்சருக்குச் சொன்ன அதே 5/16-24. பக்கத் தண்டுகளை மாட்டும் வி-பாரும் சமச்சீரானது. எதிர்ப் பக்கம் தொங்கும் சைட்டுக்கு ஏற்ப எடையை மட்டும் நீங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"அம்புலயும் இடதுகை இருக்காமே?"

தண்டில் இல்லை. ஸ்பைன் என்றால் தண்டின் விறைப்பு. 1000 ஸ்பைன் என்பது, 28 இன்ச் இடைவெளியில் இரண்டு முனையும் தாங்க, நடுவில் 880 கிராம் எடை தொங்கவிட்டால் தண்டு 1 இன்ச் வளையும் என்ற அளவு. அதற்கு எந்தக் கை இழுக்கிறது என்று தெரியாது. உங்கள் பவுண்டும் அம்பு நீளமும்தான் ஸ்பைனைத் தீர்மானிக்கும்.

இறகில் இரண்டு விஷயம். மூன்று இறகில் ஒன்று தனி நிறமாக இருக்கும், அது ரைசரை விட்டு வெளியே பார்க்க வேண்டும். வலதுகைக்காரருக்கு அது இடப்பக்கம், உங்களுக்கு வலப்பக்கம். அண்ணனின் அம்பைக் கடன் வாங்கினால் நாக்கை லேசாகத் திருப்பிக்கொண்டால் முடிந்தது. சுருட்டிய ஸ்பின் இறகுகளில் இடம், வலம் என்று இரண்டு வகை விற்கிறார்கள். இடதுகைக்காரர்கள் வழக்கமாக இடது வகையை ஒட்டுவார்கள். எதை ஒட்டினாலும் ஓர் அம்பில் மூன்றும் ஒரே வகையாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

"நாணுக்கு கை இல்லைன்னீங்க. ஆனா என் நாண்ல நடுவுல சுத்தின நூல் அடிக்கடி தளருதே?"

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். நாண் எல்லாருக்கும் ஒன்றே. நீளம் மட்டும் வில்லுக்கு ஏற்ப, பொதுவாக வில்லைவிட 3 இன்ச் சுமார் குறைவாக. ஆனால் நடுவில் விரல் படும் இடத்தில் சுற்றும் நூல் ஒரு திசையில் போகிறது. விரல் நாணை இழுத்து விடும்போது அதை லேசாக முறுக்குகிறது, இடதுகை விரல் வலதுகைக்கு எதிர்த்திசையில் முறுக்கும். கடையில் சுற்றியது வலதுகையை மனதில் வைத்து என்றால் உங்கள் ஒவ்வொரு எய்தலும் அதைக் கொஞ்சம் அவிழ்க்கும்.

நாண் கட்டுபவரிடம் "இடதுகைக்கு, நடுச்சுற்றை எதிர்த்திசையில் சுத்துங்க" என்று சொன்னால் போதும். நூலை மாற்றிச் சுற்றப் பத்து நிமிடம் ஆகாது.

"இறகில்லாத அம்பை எய்து பாத்தேன், இடப்பக்கம் போகுது. படிச்ச குறிப்புல 'இடது போனா தண்டு விறைப்பு'ன்னு இருக்கு. மாத்திட்டேன், இன்னும் மோசமாயிடுச்சு!"

அந்தக் குறிப்பு வலதுகைக்காரருக்கு எழுதியது. நாண் விரலைச் சுற்றி நழுவும் திசை உங்களுக்கு மாறுகிறது, அதனால் அம்பு நெளியும் திசையும் மாறுகிறது. இடதுகைக்கு: இறகில்லாத அம்பு இறகுள்ள அம்புகளுக்கு வலப்பக்கம் போனால் தண்டு விறைப்பு, இடப்பக்கம் போனால் தண்டு தளர்வு. உங்களுடையது தளர்வு. நீங்கள் இன்னும் தளர்வான தண்டை வாங்கிவிட்டீர்கள்.

தண்டை மாற்றும் முன் பிளஞ்சர் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கியும், லிம்ப் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தியும் பாருங்கள். இரண்டும் செலவில்லாத வேலை. அம்பின் ஆரம்ப நிலையும் மாறும்: பின்னாலிருந்து நாணை லிம்ப் நடுவில் வைத்துப் பார்த்தால் வலதுகைக்காரருக்கு அம்பு முனை நாணுக்குச் சற்று இடப்பக்கம் தெரியும், உங்களுக்குச் சற்று வலப்பக்கம் தெரிய வேண்டும். முனை இடப்பக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பிறகு ஸ்பைனைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

"அப்ப சைட் நகர்த்துறதும் தலைகீழா?"

இல்லை! இங்கே திருப்பாதீர்கள். அம்பு போன பக்கம் சைட்டை நகர்த்து என்பது இரண்டு கைக்கும் ஒரே விதி. இடப்பக்கம் போகிறதா, வளையத்தை இடப்பக்கம் தள்ளு. மேலே போகிறதா, மேலே தள்ளு. முந்தைய பதிலைப் படித்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் திருப்பிய ஒரு கல்லூரிப் பையன் அன்று காலை முழுக்க அம்பு தேடினான்.

"எதை முதல்ல வாங்குறது? எல்லாம் ஒரே நாள்ல முடியாது."

முதல் இரண்டு மூன்று மாதம் திடலின் இடதுகை மரவில்லில் பழகுங்கள். திடலில் ஒன்றாவது இருக்கும், மூலையில் தூசியோடு. அதற்குள் டேப்பும் ஆர்ம் கார்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள்; விரல் அளவு ஆளுக்கு ஆள் மாறும். இழுப்பு நீளம் நிலைப்பட்டபின் ரைசருக்குச் சொல்லி வையுங்கள். இடதுகை ரைசர் கடையில் தொங்குவது அபூர்வம், வரவழைத்துத்தான் தருவார்கள், நீங்கள் கேட்ட நிறமும் கிடைக்காமல் போகலாம். அந்தக் காத்திருப்பில் லிம்பைக் கைமாற்றாகத் தேடுங்கள். ரெஸ்ட், பிளஞ்சர், சைட் எல்லாம் ரைசர் கைக்கு வந்த பிறகு.

பவுண்டில் பேராசை வேண்டாம். பெரியவர்களுக்கே விரலில் 18 முதல் 24 வரை தொடக்கத்துக்குப் போதும், சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைவாக.

"காம்பவுண்டு வில்லுலயும் இதே கணக்கா?"

அங்கே ரைசர், கேபிள் ஒதுங்கும் தண்டு, ரெஸ்ட், சைட் எல்லாம் ஒரு பக்கத்துக்கென்று சேர்த்தே வடிவமைத்தது. பாகம் பாகமாகச் சேர்க்கும் பேச்சு குறைவு, முழு வில்லாக எல்.எச். வாங்குவதுதான் வழி. நாணை விடுவிக்கும் ரிலீஸில் மட்டும், மணிக்கட்டில் கட்டி ஆள்காட்டி விரலால் அழுத்தும் வகைகள் பல இரண்டு கைக்கும் பொருந்தும்.

"கோட்டுல நிக்கும்போது எம் பொண்ணு மட்டும் பக்கத்துப் பையன் மூஞ்சியப் பாத்து நிக்கிறா. போட்டியில ஆட்சேபம் வருமா?"

வராது. வலதுகைக்காரர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நிற்பார்கள், இடதுகைக்காரர் எதிர்ப் பக்கம் பார்ப்பார். வலப்பக்கம் நிற்கிற இடதுகைக்காரரும் இடப்பக்கம் நிற்கிற வலதுகைக்காரரும் எதிரெதிரே வந்துவிடுவார்கள். அவ்வளவுதான். அவள் தனக்குரிய இடத்துக்குள் நின்றால் போதும். முதல் போட்டியில் கூச்சமாக இருந்தால் பயிற்சியிலேயே ஒரு வலதுகைப் பையனுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பழக்கிவிடுங்கள். அம்புக்கூட்டை (குவிவர்) இடது இடுப்பில் தொங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். வலதுகைக்காரரின் அம்புக்கூட்டை வாங்கிக் கொடுத்தால் ஒவ்வொரு அம்புக்கும் வயிற்றைச் சுற்றிக் கையைக் கொண்டுபோக வேண்டியிருக்கும், நேரம் அங்கே போய்விடும்.